நிலத்துப் பாம்பைக் கடலில் விட்டவர்

போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் இருக்கும் என் மருமகன் போன மழையில் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். சாக்கடைப் பலகைக்கு அடியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பாம்பு. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். "மாமா, இது நல்லதா கெட்டதா? ஜல்தி சொல்லுங்க, பசங்க பக்கத்துல நிக்கிறாங்க" என்று குரலும் கூடவே வந்தது. "வால் எங்கே?" என்று கேட்டேன். "கடிக்கிறது தலைதானே மாமா, வாலை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளை உள்ளே அனுப்பு, யாரும் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "மூச்சு நின்னுபோற பாம்புக்கடிக்கு, வென்டிலேட்டர் இல்லாத காலத்துல என்னதான் அங்கிள் செஞ்சீங்க?" என்றாள். "கையாலே மூச்சு விட்டோம்" என்றேன். கிழவன் ஏதோ அளக்கிறான் என்கிற மாதிரி பார்த்தாள். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்த அப்பாவோடு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன். ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவினேன். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து பழகினேன். கட்டுப் போடும் வேலைக்கு வந்து, பரீட்சை எழுதி, கம்பவுண்டர் ஆனேன். மற்றதெல்லாம் ஜனங்கள் பேசக் கேட்டது. ஒருவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அறுபதுகளின் நடுவில் என்னை ஒரு புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். போர்ட் பிளேரிலிருந்து மோட்டார் போட்டில்தான் போக வேண்டும். காட்டை வெட்டி, கட்டை எரிந்த கரி இன்னும் ஆறாத நிலத்தில் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். உள்ளே வயல் பக்கம் வங்காளிக் குடும்பங்கள், மரம் வெட்டும் முகாமில் ராஞ்சிக்காரர்கள், கடலோரத்தில் நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ மீனவர்கள் கொஞ்சம் பேர். மூங்கில் தட்டிச் சுவர், ஓலைக் கூரை, தரையில் பாய். பாம்பு வர வேறென்ன வேண்டும்? "இங்க நாம பாம்பு வீட்டுக்குக் குடி வந்திருக்கோம். அது வாடகை கேக்கத்தான் செய்யும்" என்று ஒரு ராஞ்சிக் கிழவர் சொல்வார்.

டிஸ்பென்சரி டாக்டர் சூர்யராவ், விசாகப்பட்டினத்துக்காரர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். கூட்டுகிறவனைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயிர் ஊசலாடும் கேஸ் வந்தால் முதல் காரியமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி பேன்ட் பைக்குள் போட்டுக்கொள்வார். "மணியைப் பாத்தா மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும் தங்கவேல். நம்ம கணக்கு வேற, அவங்க உடம்போட கணக்கு வேற" என்பார்.

அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் மருந்தைவிடப் பாம்புதான் அதிகம். ஊறுகாய் ஜாடிகளில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு வைத்திருப்பார். யாரைப் பாம்பு கடித்தாலும், அடித்த பாம்பைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒவ்வொரு கூட்டமும் தன் ஊர்ப் பாம்புப் பேரையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்ததுதான் காரணம். வளையம் போட்ட பாம்பைப் பார்த்தால் வங்காளி ஒரு பேர் சொல்வார், ராஞ்சிக்காரர் ஒரு பேர் சொல்வார், நாம் கட்டுவிரியன் என்போம். மூன்று பேர் சொல்வதும் மூன்று வேறு பாம்பாக இருக்கும். அல்லது மூன்றும் ஒன்றாக இருக்கும்.

வாரம் ஒருநாள் எனக்குப் பரீட்சை. எனாமல் தட்டில் பாம்புகளை வரிசையாகக் கிடத்திவிட்டு, என் கண்ணை பேண்டேஜ் துணியால் கட்டிவிடுவார். தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்ந்த வழுவழுப்பை இப்போது எழுதும்போதும் விரல் நுனி கூசுகிறது. செத்ததுதான், மருந்தில் ஊறியதுதான். ஆனாலும் கண்ணைக் கட்டிய இருட்டில் எல்லாம் உயிரோடுதான் இருக்கும்.

"நடுங்குதா?" என்பார்.

"நடுங்குது சார்."

"நல்லது. நடுங்காத ஆள் நாளைக்கு உயிரோட இருக்கிறதையும் இப்படித்தான் எடுப்பார்."

தடவும் விதமும் உண்டு. தலைப் பக்கம் போகக்கூடாது. நடு முதுகில் ஆரம்பிக்க வேண்டும். நிலத்துக் கட்டுவிரியனுக்கு முதுகுத்தண்டு நெடுகப் பெரிய செதில்கள் ஒரு வரிசை ஓடும். நகத்தால் தட்டினால் தெரியும். அங்கிருந்து வாலுக்குப் போனால் உருண்டு, மெலிந்து, எலி வாலைப் போல முடியும். கடல் வரிப்பாம்புக்கு வால் சப்பையாக, துடுப்பை நெட்டுக்கு வைத்த மாதிரி இருக்கும். அது நீந்த. அதே கறுப்பு வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு, பல்லி தின்று பிழைக்கிற, விஷமே இல்லாத அப்பாவிப் பாம்பு ஒன்றும் உண்டு. "ஒரே சட்டையை மூணு பேர் தச்சுப் போட்டிருக்காங்க. ஒருத்தன் கொலைகாரன். ஒருத்தன் விஷம் வச்சிருந்தும் சாது. ஒருத்தன் சும்மா வேஷக்காரன்" என்பார் டாக்டர்.

அவரிடம் வண்ணப் படங்கள் போட்ட ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் பவளப்பாம்புகளுக்கு என்றே பக்கம் பக்கமாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்கள். பார்த்தால் கல்யாண வீட்டு வளையல் கடை தோற்றுவிடும். வெயிலும் மழையும் கொட்டுகிற நாடுகளில் எத்தனை காடோ அத்தனை வகை என்றும், நம்ம பக்கத்து மலைகளிலும் மெல்லிசாக ஒரு ஜாதி உண்டென்றும், நாகமும் கட்டுவிரியனும் கடல்பாம்பும் அவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு என்றும் சொல்வார். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தால் விஷம் என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுப்பார்களாம். "பாட்டு சரிதான். ஆனா அதைப் பாடிக்கிட்டே தெற்கே அடுத்த நாட்டுக்குப் போனா, அங்க இருக்கிற பவளப்பாம்புக்கு அந்தப் பாட்டு தெரியாது. ஆள் காலி." இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பார்.

மீனவக் குப்பத்தில் மிக்கேல் என்று ஒருவர். வாட்டசாட்டமான ஆள், நாற்பதுக்குள் இருக்கும். சொந்தமாக ஒரு டோங்கி வைத்திருந்தார். சின்னப் படகை இங்கே அப்படித்தான் சொல்வோம். வலையில் வரிப்பாம்பு ஏறிவந்தால் வெறுங்கையால் நடு உடம்பைப் பிடித்து எடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவார். கரையில் பாறை இடுக்கில் அது வந்து சுருண்டு கிடந்தாலும் அப்படியே. குப்பத்தில் எல்லாருமே அப்படித்தான். அது ஏறி வந்தால் கொல்லக்கூடாது, கடலில் விட வேண்டும், கடல் அதற்குப் பதில் மீன் தரும் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். அந்தப் பாம்பும் அவர்களைக் கடித்ததில்லை. வாயைத் திறக்கக்கூடச் சோம்பல்படுகிற பாம்பு அது.

அன்றைக்கு விடிகாலை. ராத்திரி முழுக்கப் பேய் மழை. கடல் கொந்தளிப்பு, டோங்கி இறக்க முடியாது. மிக்கேல் வலைக் கொட்டகைக்குப் போய் நனைந்த வலையைப் புரட்டியிருக்கிறார். அடியில் கறுப்பு வெள்ளையாக ஒன்று பந்து மாதிரி சுருண்டு, தலையை உடம்புக்குள் ஒளித்துக் கிடந்திருக்கிறது. "என்னல, அலைக்குப் பயந்து ஓடிவந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே எப்போதும் போலக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்திருக்கிறார். காட்டுக்குள் ஓடைக்கரையில் கிடக்க வேண்டியது, வெள்ளத்துக்கு ஒதுங்கி வந்த நிலத்துக் கட்டுவிரியன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கவ்வி, விடாமல் தொங்கியிருக்கிறது. பிய்த்து எடுத்து அலையில் வீசிவிட்டார். வலி இல்லை. அவர் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே அது அலையைக் கிழித்துக்கொண்டு கரைக்குத் திரும்பி வந்திருக்கிறது. கூட நின்ற அந்தோணிக்கு, ரோசம்மாவின் தம்பிக்கு, கடல்பாம்பு என்றால் ஏன் கடலை விட்டுத் தப்பி ஓடிவருகிறது என்று அங்கேதான் சுருக்கென்றது. ரோசம்மா மிக்கேலின் மனைவி. அந்தோணி துடுப்பால் ஒரே போடு போட்டு, பாம்பை மீன் கூடையில் எடுத்துக்கொண்டான்.

அப்படியும் மிக்கேல் டிஸ்பென்சரிக்கு வர மறுத்திருக்கிறார். கஞ்சி குடித்து, வெற்றிலை போட்டு, வயிறு முறுக்குகிறது என்று படுத்த பிறகுதான் ரோசம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"டாக்டர் ஐயா, பாருங்க இவர. கடல்பாம்பு கடிச்சிருக்கு, ஒண்ணும் செய்யாதுங்காரு."

"அது கடிக்கல ஐயா, செல்லமா ஒரு முத்தம் குடுத்திச்சு" என்றார் மிக்கேல். "இவதான் பொறாமப்படுதா."

டாக்டர் சிரிக்கவில்லை. கூடையை என் பக்கம் தள்ளினார். "தங்கவேல், பாருங்க."

முதுகில் விரலை வைத்தேன். பெரிய செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகத்தில் தட்டின. வாலுக்குப் போனேன். உருண்டு, மெலிந்து, முனையாக முடிந்தது. இன்னொரு தடவை தடவினேன். சப்பையாக இருந்துவிடாதா என்று மனசு கெஞ்சியது. டாக்டரைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

நின்றுகொண்டு மனைவியைக் கிண்டல் செய்கிற இந்த மனுஷன், வெற்றிலைச் சிவப்பு மாறாத வாயோடு, கொஞ்ச நேரத்தில் என்ன ஆகப்போகிறார் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

விஷமுறிவு ஊசி நாலைந்து குப்பிதான் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவது. எல்லாவற்றையும் ஏற்றினோம். "இது அங்க இருக்கிற பாம்புக்குச் செஞ்ச மருந்து. இங்க இருக்கிறது அதுக்குச் சொந்தம்தான், ஆனா அதே ஆள் இல்ல. கேட்டாலும் கேக்கும், கேக்காமலும் போகும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக அந்தக் கடலில் எந்தப் போட்டும் வராது.

பிறகு மிக்கேலின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜெபம் தெரியுமா?" என்று கேட்டார்.

"என்ன ஐயா, அவ்வளவு மோசமா போச்சா?"

"மூச்சு பாக்கணும். அருள் நிறைந்த மரியேன்னு சொல்வீங்களே, அதை ஒரே மூச்சுல சொல்லுங்க."

மிக்கேல் கணீரென்று கடைசி ஆமென் வரை சொல்லிவிட்டு, "இன்னொண்ணும் சொல்லட்டுமா?" என்றார். டாக்டர் தலையாட்டினார். ஊசி மருந்து இறங்க இறங்க, சற்றைக்கொரு தரம் சொல்லச் சொன்னார். அடுத்த முறை ஆமெனுக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது. அப்புறம் இமை இரண்டும் தூக்கக்காரனுக்கு மாதிரி இறங்கின. "ரெண்டு ரோசம்மா தெரியுது. ஒண்ணையே சமாளிக்க முடியல" என்றார். நாக்கு குழறியது. எச்சிலை விழுங்க வரவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த முறை ஜெபம் பாதியில் நின்றது. ரோசம்மா மீதியைச் சேர்த்துச் சொன்னாள். அதற்கும் அடுத்த முறை மரியே என்ற பேரோடு நின்றுவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து தலையணையிலிருந்து எழவில்லை. அந்தப் பெரிய நெஞ்சு ஏற மறுத்தது.

நான் எத்தனையோ சாவு பார்த்தவன். ஒரு மனுஷன் வாசல் கதவு ஒவ்வொன்றாக உள்ளிருந்து சாத்திக்கொண்டே போவதை உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டரிடம் ஒரு கறுப்பு ரப்பர் பையும், மூக்கையும் வாயையும் மூடுகிற கவசமும் இருந்தன. பையை அமுக்கினால் காற்று உள்ளே போகும். விட்டால் தானே உப்பிக்கொள்ளும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை மேலே தூக்கி, இடது கையால் கவசத்தைக் கசியாமல் அழுத்தி, வலது கையால் பை. நெஞ்சு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வயிறு உப்பினால் தாடையை இன்னும் தூக்க வேண்டும். நடுநடுவே தலையைச் சாய்த்து எச்சிலை வழிக்க வேண்டும். என் மூச்சையே அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னார். "நீங்க இழுத்து விடறப்போ அவருக்கும் ஒண்ணு குடுங்க."

குனிந்து மிக்கேலின் காதில் சொன்னார்: "மிக்கேல், நாங்க பேசறது உங்களுக்குக் கேக்குது. பயமா இருக்கும். மூச்சை நாங்க பாத்துக்கறோம். நீங்க சும்மா இருங்க போதும்." ஒரு பிணத்திடம் பேசுகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. ரோசம்மாவுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி சாய்ந்த நேரத்தில் ஓடைக்கு அக்கரையிலிருந்து ஆள் ஓடிவந்தான். பிரசவத்தில் பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்து நிற்கிறதாம். டாக்டர் மிக்கேலையும் பார்த்தார், வந்தவனையும் பார்த்தார். மருந்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தங்கவேல், நான் வர்ற வரைக்கும் இவர் செத்துட்டார்னு யாரும் சொல்லக்கூடாது. நீங்க உட்பட."

"சார், நாடி நின்னுட்டா?"

"நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. உங்க விரல்ல உங்க நாடிதான் அடிக்கும். நகத்தைப் பாருங்க. நகம் சிவப்பா இருந்தா அமுக்குங்க." போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்த அந்தப் பொழுதை இன்றும் நான் கனவில் காண்கிறேன். கூட்டம் கூடிவிட்டது. கோயில் உபதேசியார் வந்தார், ஊரில் பாதிரியார் இல்லாத குறையை நிரப்புகிற நல்ல மனிதர். மிக்கேலின் இமையை விலக்கிப் பார்த்தார். பாவை முழுக்க விரிந்து, விளக்குத் திரியைக் காட்டினாலும் அசையாமல் இருந்தது. ஒரு ஈ வந்து அந்தத் திறந்த கண்மேலேயே உட்கார்ந்தது. இமை இமைக்கவில்லை. அதைப் பார்த்து ஒரு பெண் வீறிட்டாள். உபதேசியார் சிலுவை போட்டு, மரிப்பவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கினார்.

அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி, போதும். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி எங்க மச்சானுக்கு அடிக்கியளே, இது அடுக்குமா? விட்டுருங்க. வெளிச்சம் இருக்கையிலேயே பெட்டி அடிச்சாகணும்."

"டாக்டர் வரட்டும்."

"அவரு வந்து என்ன செய்யப் போறாரு? உசிரு போனவன இழுத்துவச்சு வித்தை காட்டுதியளா?" என்றான். வெளியே வராந்தாவில் பலகை எங்கே கிடைக்கும் என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. மழையில் எல்லாம் ஊறிக்கிடக்கிறது, மிக்கேலின் டோங்கிப் பலகையே காய்ந்தது என்று அந்தோணியே சொன்னான்.

எனக்குப் பயம். பாம்பின் பயம் இல்லை. நான் அமுக்குவது மனுஷனையா பிணத்தையா என்று தெரியாத பயம். நாளைக்கு இந்தக் குப்பத்தில், பிணத்துக்குக் காற்றடித்த கம்பவுண்டர் என்று என் பேர் நிலைத்துவிடும். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. இவர்கள் சொல்வதைக் கேட்டு நான் கையை எடுத்து, அவர் பிணமாக இல்லாமல் இருந்துவிட்டால்?

ரோசம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்று முகம் மரத்திருந்தது.

"அண்ணாச்சி, நீங்க நிறுத்துனா என்னாவும்?"

"செத்துருவாரு தாயி."

"நிறுத்தலன்னா?"

"தெரியல தாயி."

"அப்ப நிறுத்தாதிய" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, என் கை கேட்கவில்லை. மணிக்கட்டு மரத்து, விரல்கள் பறவைக் கால் மாதிரி மடங்கி இறுகிக்கொண்டன. பை கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து தேடி எடுத்து, கவசத்தைத் திரும்ப வைப்பதற்குள் மிக்கேலின் கை கண்ணில் பட்டது. நகங்கள் நாவல்பழத் தோல் மாதிரி நீலம் பாரித்துக்கொண்டு வந்தன. உதட்டிலும் அதே நிறம் ஏறியது. பதறி அமுக்கினேன். அமுக்கினேன், அமுக்கினேன். நீலம் மெல்ல வெளுத்து, அடியிலிருந்து சிவப்பு ஊறி வந்தது, விடிகிற வானம் மாதிரி.

"அந்தோணி! இங்க வா. இந்த நகத்தப் பாரு. இப்ப காத்து இல்லாம கறுத்திச்சு. காத்துப் போனதும் சிவக்குது. செத்தவன் நகம் நிறம் மாறுமாடா?"

அந்தோணி மண்டியிட்டு அந்தக் கையைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டான். நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்த நீலமும் அவன் கண்ணெதிரே வடிந்தது. அவன் முகத்தில் அப்போது வந்தது சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். திகில். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்ட திகில்.

"தாங்க அண்ணாச்சி" என்று பையை வாங்கினான். தாடையை எப்படித் தூக்குவது என்று காட்டினேன். உபதேசியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வியாதிக்காரர்களுக்கான வேறொரு ஜெபத்தை எடுத்தார். அதற்கப்புறம் அவரும் ஒரு முறை பை அமுக்கினார்.

பொழுது சாய டாக்டர் வந்தார், சட்டையெல்லாம் ரத்தமும் சேறுமாக. தாய் பிழைத்தாள், பிள்ளை இல்லை என்று மட்டும் சொன்னார். கை கழுவிவிட்டு நேரே வந்து அந்தோணியின் கையிலிருந்து பையை வாங்கினார். அன்று இரவும் மறுநாள் பகலும் குப்பத்து ஆண்களும் பெண்களும், மர முகாமிலிருந்து வந்த ராஞ்சிக்காரர்களும் மாறி மாறி அமுக்கினார்கள். மறுநாள் வெயில் தாழ்ந்தபோது, காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ரோசம்மா, "ஐயா, பெருவிரலு" என்றாள். பெருவிரல் மிகச் சின்னதாக, பூனை காது அசைக்கிற மாதிரி அசைந்தது. கண் திறக்கவும், தானே மூச்சு வாங்கவும் அதற்கப்புறமும் வெகு நேரம் பிடித்தது.

பேச்சு வந்ததும் மிக்கேல் முதலில் கூப்பிட்டது மனைவியை இல்லை.

"மாப்ள அந்தோணி. என் டோங்கியப் பிரிச்சா எனக்குப் பெட்டி அடிக்கப் பாத்த?"

அந்தோணி வெலவெலத்துப் போனான். "மச்சான், அது... உமக்குக் கேட்டிச்சா?"

"எல்லாம் கேட்டிச்சிலே. ஈ உக்காந்தது தெரிஞ்சிச்சு. இமைய மூட முடியல. நான் சாகலன்னு கத்துனேன், தொண்ட கிழியக் கத்துனேன். என் காதுக்கே கேக்கல." என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒருக்கா பை கீழ விழுந்திச்சுல்ல? கல்லக் கட்டி ஆழத்துல இறக்குன மாதிரி இருந்திச்சு. மேல வெளிச்சம் சிறுசாயிட்டே போச்சு."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதை மழை ஓயுமுன்னே குடியிருப்பு முழுக்கப் பரவியது. செத்தவனுக்கு எல்லாம் கேட்டதாம் என்று ஒவ்வொரு பாஷையிலும் சொன்னார்கள். சில நாள் கழித்து, வயல் பக்கத்திலிருந்து ஒரு வங்காளிப் பெண் வந்தாள். நோயாளிகள் எல்லாரும் போகும் வரை வராந்தா ஓரத்தில் காத்திருந்தாள். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, டாக்டர்பாபுவிடம் ஒரு பாத், ஒரு சங்கதி, கேட்க வேண்டும் என்றாள். நாங்கள் எல்லாரும் பேசிய அந்தத் தீவு ஹிந்தியில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

போன வருஷ மழையில், டாக்டரும் நானும் இங்கே வருவதற்கு முன்னால், அவள் புருஷன் பாயில் படுத்திருக்கையில் கடிபட்டுச் செத்துப்போனானாம். பாம்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது. விடிந்ததும் எழுந்து தள்ளாடினான், கண் சொருகியது, நாக்கு குழறியது. முந்தின நாள் மர முகாமுக்குப் போய் வந்தவன்.

"குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சேன் பாபு. திட்டினேன். பிள்ளைங்க பட்டினி கிடக்கு, நீ குடிச்சிட்டு வேஷம் போடுறியான்னு கேட்டேன். நீ செத்தா தேவலைன்னும் சொன்னேன். அவர் பாத்துக்கிட்டே கிடந்தார். பதில் சொல்லல. அப்போ அவருக்குக் கேட்டிருக்குமா?"

டாக்டர் மேசையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். எனக்குத் தெரியும், அவர் யாருக்கும் ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்கிறவர் இல்லை. நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, "இல்லம்மா. கேட்டிருக்காது. அதுக்குள்ள நினைவு போயிருக்கும்" என்றார்.

"சச்? நிஜமாவா?"

"சச்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கும்பிட்டுவிட்டு வாசல்படி வரை போனவள் அங்கேயே நின்றாள்.

"அப்புறம் மூச்சு நிக்கப் போறப்பதான் எனக்குப் புரிஞ்சிச்சு பாபு. மடியில போட்டுக்கிட்டு என்னென்னவோ சொன்னேன். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லாததை எல்லாம் சொன்னேன்." திரும்பி டாக்டரைப் பார்த்தாள். "அப்போ அதுவும் கேட்டிருக்காது, இல்லையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவள் படியில் நின்று காத்துக்கொண்டிருந்தாள்.